நேட்டால் கப்பலேறிய பாட்டனைத் தாளில் தேடுவது

தென்னாப்பிரிக்காவிலிருந்து முன்னோரின் ஊர் தேடி வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் இரண்டு இருக்கும்: ஒரு பெயர், ஒரு கப்பல் கதை. பெயர் முனுசாமி, கோவிந்தன், வீரம்மாள் என்று ஊருக்கு ஐம்பது பேர் வைத்திருந்த பெயர். கப்பலோ எப்போதும் 'ட்ரூரோ'. இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கோ வேலூர் கலெக்டர் அலுவலகத்துக்கோ போனால் அலைச்சல்தான் மிஞ்சும். இந்தத் தேடலுக்குப் பிடிமானம் ஓர் எண். அது கிடைக்கும்வரை இந்தியப் பக்கம் எதையும் தொட வேண்டாம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். சென்னையிலிருந்து 1860 அக்டோபரில் புறப்பட்ட ட்ரூரோ, நவம்பர் 16ஆம் தேதி நேட்டாலின் டர்பன் துறையைச் சேர்ந்தது. நேட்டால் அன்று தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்த பிரிட்டிஷ் காலனி. அதில் வந்தவர்கள் 342 பேர். கடைசிக் கப்பலான உம்லாசி 1911 ஜூலையில் வந்தது. இடைப்பட்ட காலத்தில் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலில் இறங்கியவர்கள் 1,52,184 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகவும், மற்றவர்கள் கல்கத்தா வழியாகவும் வந்தார்கள். ஒன்றரை லட்சத்தில் 342 பேர்தான் ட்ரூரோக்காரர்கள். எல்லாக் குடும்பமும் அந்தக் கப்பலையே சொல்வதற்குக் காரணம், 'முதல் கப்பல்' என்ற பெருமை. அதை மரியாதையோடு கேட்டுக்கொண்டு ஒதுக்கிவைத்துவிடலாம்.

இறங்கிய ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தைக்கும் சேர்த்து, வரிசையாக ஓர் எண் கொடுத்தார்கள். காலனி எண் என்று அதற்குப் பெயர். பெயரை எந்தக் குமாஸ்தாவும் தன் காதில் விழுந்தபடி எழுதினான். எண்ணை அப்படி எழுத முடியாது. ஒப்பந்தம், சம்பளப் புகார், திருமணம், விடுதலைச் சான்று, இறப்பு எல்லாம் அந்த எண்ணின்மேலேயே ஏறின. எண்ணைப் பார்த்தாலே காலமும் ஓரளவு தெரியும். 1860 முதல் 1866 வரை வந்தவர்கள் சுமார் 6,400 பேர். அதன்பிறகு ஆள் அனுப்புவது நின்றுபோனது. ஊர் திரும்பியவர்கள் சொன்ன புகார்களால் இந்திய அரசு முரண்டுபிடிக்க, 1872இல் நேட்டாலில் ஒரு விசாரணைக் குழு அமர்ந்து, 1874இல்தான் கப்பல்கள் மறுபடி ஓடின. ஆகவே ஐந்தாயிரத்துச் சொச்சம் எண் என்றால் 1866க்குள் வந்தவர். "1870இல் வந்தார்" என்று குடும்பம் சொன்னால், ஆண்டு தவறாக இருக்கலாம், அல்லது அவர் ஒப்பந்தக் கூலியாக வராமல் இருந்திருக்கலாம்.

இரண்டாவது வாய்ப்பை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்த 'பாசெஞ்சர் இந்தியர்'களில் குஜராத்தி வணிகர்கள் அதிகம் என்றாலும் தமிழர்களும் இருந்தார்கள். மொரீஷியசில் வேலை செய்துவிட்டு அங்கிருந்து நேட்டாலுக்கு வந்தவர்களும் உண்டு. இவர்கள் யாரும் கூலிக் கப்பல் பட்டியலில் இருக்க மாட்டார்கள். மொரீஷியஸ் வழியாக வந்தவர் என்ற சந்தேகம் இருந்தால் மோகாவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் அந்நாட்டுக் குடியேற்றப் பதிவேடுகளைத் தேட வேண்டும். அங்கே ஒரு பகுதியினருக்குப் புகைப்படமும் உண்டு.

எண்ணைக் கண்டுபிடிக்க இன்றைய ஆளிடமிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். முன்னோரிலிருந்து முன்னோக்கி வர ஆசையாக இருக்கும். அப்படி வந்தால் வேறொருவரின் பாட்டனைத் தத்தெடுத்துக்கொண்டு வருவீர்கள். பெற்றோர், தாத்தா பாட்டியின் முழு வடிவப் பிறப்பு, இறப்பு, திருமணச் சான்றுகளைத் தென்னாப்பிரிக்க உள்துறை அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். சுருக்க வடிவச் சான்றில் பெற்றோர் பெயரே இருக்காது. காசும் காலமும் தண்டம். பழைய தலைமுறைக்குப் போகப்போக, இந்தியக் குடியேறியோர் பாதுகாவலர் அலுவலகத்தில் நடந்த பிறப்பு, திருமணப் பதிவுகளில் தாய் தந்தையின் காலனி எண்கள் தென்படத் தொடங்கும். வீட்டுப் பெட்டியைக் கிளறிப் பார்ப்பதும் வேண்டும். ஒப்பந்தம் முடிந்த விடுதலைச் சான்று, இந்தியா போய்த் திரும்ப வசதியாக எடுத்துவைத்த குடியிருப்புச் சான்று, ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் தங்கியவர்கள்மேல் 1895ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த 3 பவுன் வரியின் ரசீது, இவற்றில் எதிலாவது எண் இருக்கலாம்.

இதில் பலரும் தாண்டிப்போய்விடும் ஒரு தாள் உண்டு. இறந்தவரின் சொத்துக் கோப்பில் கிடக்கும் 'டெத் நோட்டீஸ்'. இறப்புச் சான்று வேறு, இது வேறு. நெருங்கிய உறவினர் ஒருவர் நிரப்பிக் கையெழுத்திட்ட படிவம் இது. இறந்தவரின் பெயர், பிறந்த இடம், தாய் தந்தை பெயர், வயது, மணவிவரம், பிள்ளைகள் ஒவ்வொருவரின் பெயர், என்ன சொத்து விட்டுப்போனார் என்பதுவரை எழுதியிருக்கும். நேட்டாலைப் பொறுத்தவரை இவை பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தில் எம்.எஸ்.சி.இ. என்ற வரிசையில் இருக்கின்றன. பெரும்பகுதியின் படங்களைப் 'ஃபேமிலிசர்ச்' தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 'பிறந்த இடம்' என்ற கட்டத்தில் பெரும்பாலும் 'இந்தியா' என்றோ 'மெட்ராஸ்' என்றோ எழுதி முடித்திருப்பார்கள். மெட்ராஸ் என்றால் நகரம் என்று நினைத்துவிட வேண்டாம். மாகாணம் முழுக்க அந்தச் சொல்லுக்குள் அடக்கம். பிள்ளைகளின் பட்டியல்தான் இதில் விலைமதிப்பில்லாதது. நீங்கள் தேடும் ஆளும் ஆவணத்து ஆளும் ஒருவர்தானா என்று உறுதிப்படுத்த அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அதே படிவத்தில் ஏழு பிள்ளைகளைப் பெற்றவரை 'மணமாகாதவர்' என்று எழுதியிருந்தால் திடுக்கிட வேண்டாம். இந்து முறைப்படி நடந்து, பதிவாகாமல் இருந்த திருமணம் அன்றைய சட்டத்தின் கண்ணில் திருமணமே இல்லை. 1913இல் நீதிபதி சியர்ல் கொடுத்த தீர்ப்பு இதை இன்னும் கூர்மையாக்கியது. அதனால் மனைவியின் பெயர் கணவன் பெயரோடு சேராமல் தன் தந்தை பெயரோடே நிற்கும். பிள்ளைகள் தாய் பெயரில் பதிவாகியிருப்பதும் உண்டு. பெண் வழியைத் தேடுகிறவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இது.

தென்னாப்பிரிக்கத் தேசியக் காப்பகங்களின் இணையக் குறியீட்டுத் தளத்துக்கு என்.ஏ.ஏ.ஐ.ஆர்.எஸ். என்று பெயர். அதில் நேட்டால் காப்பகத்தைக் குறிக்கும் என்.ஏ.பி. தரவுத்தளத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கிடைக்கும் ஒவ்வொரு விடையிலும் 'சோர்ஸ்' என்ற வரி இருக்கும்: எம்.எஸ்.சி.இ. என்றால் சொத்துக் கோப்பு, ஐ.ஐ. என்றால் இந்தியக் குடியேற்றத் துறையின் கோப்பு. எஜமான்மேல் புகார், ஓடிப்போன கூலி, மனைவியை வேறு தோட்டத்திலிருந்து மாற்றித்தரக் கேட்ட மனு, இப்படி எல்லாம் இந்த ஐ.ஐ. வரிசையில் வரும். விளக்க வரியில் காலனி எண்ணும் அடிக்கடி இருக்கும். எனவே பெயரைப் போட்டுத் தேடி அலுத்தபின், எண்ணை மட்டும் போட்டுத் தேடிப் பாருங்கள். இந்தத் தளத்தில் ஆவணத்தின் படம் இருக்காது. தொகுதி எண், கோப்பு எண் இரண்டையும் அப்படியே எழுதிவைத்துக்கொண்டு, காப்பகத்தில் நகல் கேட்க வேண்டும்.

எண் கிடைத்துவிட்டால் கப்பல் பட்டியலுக்குப் போகலாம். மூலப் பேரேடுகள், பழைய நேட்டால் இன்று அடங்கியிருக்கும் க்வாசுலு-நேட்டால் மாகாணத்தின் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றிலிருந்து தொகுத்த தரவுத்தளத்தை க்வாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையம் வைத்திருக்கிறது. ஒரு வரி எப்படி இருக்கும் என்பதற்கு, கற்பனையாக ஒன்று: 'மூன்சாமி, தந்தை வீரன், வயது 22, ஆண், உயரம் 5 அடி 4 அங்குலம், ஜில்லா நார்த் ஆற்காட், தாலுகா கார்வேட்நகர், ஊர் இன்னது, வலது முழங்காலில் தழும்பு'. பிறகு யாரிடம் வேலைக்கு அனுப்பினார்கள் என்ற குறிப்பு: ஒரு கரும்புத் தோட்டம், நேட்டால் அரசு ரயில்வே, நிலக்கரிச் சுரங்கம், இப்படி. இறந்த தேதியோ இந்தியா திரும்பிய கப்பலோ சிலருக்கு மட்டும் எழுதியிருக்கும்.

இதில் வயதை நம்ப வேண்டாம். இருபது, இருபத்தைந்து, முப்பது என்று முழு எண்களிலேயே வந்து நிற்கும். பார்வைக்குத் தோன்றியதை எழுதினார்கள், வேலைக்கு ஆகிற வயதாகச் சொல்லவும் சொன்னார்கள். தழும்பையும் மச்சத்தையும் நம்பலாம். ஆளை அடையாளம் காட்டவென்றே எழுதிய கட்டம் அது. பிற்காலச் சான்றிலும் அதே தழும்பு வந்தால் ஆள் உறுதி. தந்தை பெயரும் பொதுவாகத் தேறும்.

பெயர்த் தேடலில் கைகொடுக்கும் சில வழக்கங்கள் உண்டு. பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் கந்தசாமி, குப்புசாமி, கோவிந்தன் மூவரும் 'சி' எழுத்தில் ஒளிந்திருப்பார்கள். சின்னத்தம்பி 'எஸ்'ஸிலும் இருப்பார், 'சி'யிலும் இருப்பார். எல்லப்பன் 'இ'யிலோ 'ஒய்'யிலோ. துரைசாமி 'டி'யிலும் வருவார் 'டி.ஹெச்'சிலும் வருவார். சாய்ந்த கையெழுத்தில் சிறிய 'என்'னும் 'யு'வும் ஒன்றுபோல் இருக்கும், பெரிய 'எஸ்'ஸும் 'எல்'லும் ஒன்றுபோல் இருக்கும். தரவுத்தளம் தட்டச்சு செய்தவர் கண்ணுக்கு 'லட்சுமி' வேறு ஏதோவாகத் தெரிந்திருக்கலாம். அதனால் தரவுத்தளத்தில் கிடைத்ததோடு நிற்காமல் மூலப் பேரேட்டின் படத்தையும் கேட்டு வாங்குங்கள். அப்படியே முன்னும் பின்னும் இருபது எண்களையும் பாருங்கள். ஒரே ஊரிலிருந்து சேர்ந்து கிளம்பியவர்கள் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்களில் இருப்பார்கள். உங்கள் ஆளின் ஊர்ப்பெயர் சிதைந்திருந்தால், பக்கத்து வரிக்காரரின் ஊர் அதைத் திருத்திக் கொடுக்கும்.

இன்று அங்கே வழங்கும் கோவெண்டர், நாயுடு, பிள்ளை, மூட்லி, படையாச்சி, நாய்க்கர் போன்ற குடும்பப் பெயர்களைக் கப்பல் பட்டியலில் தேடுவது வீண்வேலை. கப்பலேறியவருக்கு இருந்தது ஒற்றைப் பெயர். பட்டப்பெயர் பல குடும்பங்களுக்குப் பின்னால் வந்தது, சிலர் விரும்பிச் சூட்டிக்கொண்டது. பட்டியலின் சாதிக் கட்டமும் இன்றைய குடும்பப் பெயரும் பொருந்தாமல் போவது சர்வசாதாரணம். சிலருக்கு அது அதிர்ச்சியாக இருக்கும். மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. முதல் கட்டக் கப்பல்களில் அந்தக் கட்டத்தில் 'மலபார்' என்று இருக்கும். அன்றைய கம்பெனி வழக்கில் அது தமிழ் பேசுகிறவரைக் குறித்தது. 'ஜென்டூ' என்றால் தெலுங்கர். சாதிக் கட்டத்து மலபாரைப் பார்த்துவிட்டுக் கோழிக்கோட்டுக்கு வண்டி ஏறாதீர்கள். ஜில்லாக் கட்டத்தில் மலபார் என்று இருந்தால் மட்டும் கேரளம்.

கணவன் மனைவியாகப் பதிவானவர்களின் ஊர்களைத் தனித்தனியே பாருங்கள். 100 ஆண்களுக்கு 40 பெண்களாவது போக வேண்டும் என்று விதி இருந்தது. தனியாக வந்து, கப்பலேறும்வரை ஆள்களைத் தங்கவைத்த சென்னை டிப்போவிலேயே சேர்ந்துகொண்ட ஜோடிகள் நிறைய. அவர் வடஆற்காடு, அவள் தஞ்சாவூர் என்று இருந்தால் அது எழுத்துப் பிழையாக இருக்க வேண்டியதில்லை.

இனி இந்தியப் பக்கம். இங்கே நாள்களைத் தின்பது ஜில்லா, தாலுகா எல்லைகள். திருத்தணிப் பக்கத்துக் கிராமம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1890இல் கப்பலேறியவருக்கு அது வடஆற்காடு ஜில்லா, கார்வேட்நகர் ஜமீன். 1911 ஏப்ரலில் சித்தூர் ஜில்லா உருவானபோது அது சித்தூருக்குப் போனது. 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்து செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வந்தது. 1997இல் செங்கல்பட்டைப் பிரித்தபோது திருவள்ளூர் மாவட்டமானது. கார்வேட்நகர் என்ற ஊரோ ஆந்திரத்திலேயே நின்றுவிட்டது. பட்டியலில் 'கார்வேட்நகர்' என்று பார்த்துவிட்டு ஆந்திரத்தில் மட்டும் தேடுகிறவர் பாதி ஜமீனை விட்டுவிடுகிறார்.

வடஆற்காட்டின் மற்றத் தாலுகாக்களும் இப்படிச் சிதறியவைதான். குடியாத்தம் இன்று வேலூர் மாவட்டம், வாலாஜா ராணிப்பேட்டை, வந்தவாசியும் போளூரும் ஆரணியும் திருவண்ணாமலை. பல்மனேர் சித்தூரில் இருக்கிறது. 'கங்குண்டி' என்று வந்தால் குப்பம் பக்கம் பாருங்கள். திருப்பத்தூர் 1911 வரை சேலம் ஜில்லா. தென்ஆற்காட்டுத் தாலுகாக்களை இன்றைய கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் தேட வேண்டும்.

ஊர்ப்பெயரைப் பிடிக்கும்போது தாலுகாவை ஆணியாக அடித்துக்கொள்ளுங்கள்; அதைச் சுற்றித்தான் தேட வேண்டும். பழைய மாகாணக் கிராமப் பட்டியல்களிலும் மக்கள்தொகைக் கணக்கின் ஊர்ப் பட்டியல்களிலும் அந்தத் தாலுகாவின் எல்லா ஊர்களையும் வரிசையாக வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குப் பிடிபடாதது காதுக்குப் பிடிபடும், ஏனென்றால் குமாஸ்தா எழுதியது காதில் விழுந்ததை. அப்படியும் கிடைக்கவில்லை என்றால், அது வருவாய்க் கிராமமாக இல்லாமல் அதற்குள் இருக்கும் குக்கிராமமாகவோ சேரியாகவோ இருக்கலாம். புதூர், நல்லூர், பாளையம் என்று முடிகிற ஊர்கள் ஒரே தாலுகாவில் நாலைந்து இருக்கும். அங்கேதான் பக்கத்து எண்காரரின் ஊர் மறுபடி உதவும். சிலர் வேண்டுமென்றே பெயரையும் ஊரையும் மாற்றிச் சொல்லிவிட்டுக் கப்பலேறியதும் உண்டு. கடனுக்கோ வீட்டுக்கோ பயந்து கிளம்பியவர் சரியான விலாசம் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

ஊர் கிடைத்தபின் கேட்க வேண்டிய பழைய பதிவேடு செட்டில்மென்ட் ரிஜிஸ்தர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ரயத்துவாரி கிராமங்களுக்கு, அதாவது ஜமீன்தார் இல்லாமல் அரசே உழவரிடம் நேராகத் தீர்வை வாங்கிய கிராமங்களுக்கு, ஒவ்வொன்றாக அச்சிட்டது. சர்வே எண், அதற்கு முந்தைய பைமாஷ் எண், நஞ்சையா புஞ்சையா, பாசன ஆதாரம், மண் தரம், ஏக்கர் செண்டில் விஸ்தீரணம், தீர்வை, கடைசியில் பட்டாதாரர் பெயர். ஜமீன் கிராமங்களுக்கு இது கிடையாது. 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அரசு செட்டில்மென்ட் அங்கே நடந்தது. திருத்தணிக்காரருக்கு அரசுப் பதிவேட்டில் பாட்டன் காலத்து ரயத்து பெயர் கிடைக்காமல் போவதற்கு இதுவே காரணம்.

1858இல் அமைந்த இனாம் கமிஷன் தயாரித்த இனாம் பதிவேடு இன்னும் சுவையானது. மானியம் யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது, அப்போது அனுபவிக்கிறவர் யார், வயது என்ன, மூல இனாம்தாரருக்கு என்ன உறவு என்று கட்டம் கட்டமாக இருக்கும். கோயில் மானியம், அக்ரகார மானியம் மட்டும் அல்ல. தச்சர், வண்ணார், நாவிதர் போன்ற ஊழிய மானியங்களும் அதில் ஏறியிருக்கின்றன. பட்டா நிலமே இல்லாத குடும்பத்தின் பெயர் தாளில் அகப்படக் கூடிய அரிய இடம் அது.

பத்திரப் பதிவைப் பொறுத்தவரை, பல அலுவலகங்களுக்கு 1975க்குப் பிந்தைய வில்லங்கம் இணையத்தில் கிடைக்கும். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடச் சொல்லி மனுப்போட வேண்டும். ஆள் பெயரில் தேடச் சொல்லுங்கள், ஏனென்றால் உங்களிடம் சர்வே எண் இருக்காது. பெயர்வழி அட்டவணை தனியாகவே உண்டு. கிராமப் பிறப்பு இறப்புப் பதிவேட்டிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். சென்னை மாகாணச் சட்டம் 1899இல் வந்தது. உங்கள் ஆள் அதற்கு முன்பே பிறந்திருப்பார். பிறந்த குழந்தைக்குப் பெயர் எழுதாமல் 'ஆண்', 'பெண்' என்று மட்டும் எழுதியதும் மிகுதி. எழும்பூரில் உள்ள புலம்பெயர்வுக் கோப்புகள் கொள்கை, கணக்கு, புகார் பற்றிப் பேசும். தனி மனிதர் பெயரைத் தேடி அங்கே வாரக்கணக்கில் உட்கார்வது நியாயமான செலவல்ல.

இதையெல்லாம் சொன்னபின் ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். நேட்டாலுக்குப் போனவர்களில் கணிசமானோர் நிலமில்லாத கூலிக் குடும்பத்தவர். அவர்கள் பெயர் செட்டில்மென்ட் ரிஜிஸ்தரில் வராது, பத்திரத்தில் வராது. அவர்களைப் பற்றி எந்த அரசும் எழுதிய மிக விரிவான ஒரே தாள், கப்பல் பட்டியலின் அந்த ஒரு வரியாகவே இருக்கும். தந்தை பெயருக்கு மேலே தாத்தா பெயரைப் பிடித்துத் தருகிறேன் என்று காசு கேட்கும் தரகர்களை நம்புவதற்கு முன், எந்தப் பதிவேடு, எந்தப் பக்கம் என்று கேளுங்கள். பதில் வராது.

ஆள் நேட்டாலில் திடீரென்று மறைந்துபோனால் இறந்துவிட்டதாக முடிவு கட்டிவிட வேண்டாம். பத்தாண்டு முடித்தவருக்கு இலவசத் திரும்பு பயணம் உண்டு. 1895க்குப் பிந்தைய ஒப்பந்தக்காரர்களை 3 பவுன் வரியே துரத்தியது. இந்திய, தென்னாப்பிரிக்க அரசுகள் செய்துகொண்ட 1927 கேப்டவுன் உடன்படிக்கைக்குப் பிறகு, திரும்பிப்போகச் சம்மதித்த பெரியவர்களுக்குத் தலைக்கு 20 பவுன் கொடுத்து அனுப்பினார்கள். நேட்டாலிலேயே பிறந்த பிள்ளைகளோடு சென்னையில் இறங்கியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

கிராமத்துக்கு நேரில் போகிறவர்கள் வி.ஏ.ஓ. அலுவலகத்திலிருந்து தொடங்காமல் இருப்பது உத்தமம். வெளிநாட்டுக்காரர் ஒருவர் பழைய பட்டாவைக் கேட்கிறார் என்ற செய்தி உங்களுக்கு முன்னால் தெருவுக்குள் போய்விடும். 'பாகம் கேட்க வந்திருக்கிறார்கள்' என்று கதவுகள் சாத்திக்கொள்ளும். குலதெய்வக் கோயிலிலிருந்து தொடங்குங்கள். நேட்டால் வீடுகளில் மாரியம்மன், கங்கையம்மன், திரௌபதியம்மன் என்று வழிபாடு தொடர்ந்திருக்கும். எந்தத் தெய்வம், என்ன படையல், ஆடா கோழியா என்பதைப் பெரியவர்களிடம் முன்பே கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். திருவிழாவுக்கு வீட்டு வரி வசூலிக்கிற நோட்டு பூசாரியிடமோ தர்மகர்த்தாவிடமோ இருக்கும். எந்தப் பங்காளி வகையறா எத்தனை தலைக்கட்டு என்பது அதில் தெரியும். கூடவே, நிலத்தில் எந்த உரிமையும் கேட்க வரவில்லை என்பதை யாரும் கேட்பதற்கு முன் நீங்களே, கூட்டத்துக்கு நடுவில், சத்தமாகச் சொல்லிவிடுங்கள். கிராம நிலங்களின் அரசுப் பதிவேடான 'ஏ' பதிவேட்டின் நகலுக்கு மனுப்போடுவதை அதன்பிறகு வைத்துக்கொள்ளலாம்.